லிண்டல் மட்டத்தில் நின்ற வீடு

என் போனில் உம்மு சல்மாவின் படங்கள் மூன்று இருக்கின்றன. நான்காவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். அதை மறைத்துவிட்டு அந்த அம்மாவைப் பற்றி என்ன எழுதினாலும் பொய்யாகிவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹரிஹரன். மதுராந்தகம் ஏரித் தண்ணீரில் நெல் போடும் குடும்பம். டிகிரி முடித்துவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு ஒன்றிய அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். அரசு உதவியில் வீடு கட்டும் ஏழைகளின் வீட்டைப் படம் எடுப்பதுதான் என் வேலை. முதலில் பழைய குடிசை. அப்புறம் பேஸ்மட்டம். அப்புறம் லிண்டல், அதாவது கதவு ஜன்னலின் தலைக்கு மேல் சுவர் வந்து நிற்கிற மட்டம். கடைசியில் கூரை. ஒவ்வொரு படத்திலும் வீட்டுக்கு உரியவர் வாசலில் நிற்க வேண்டும். அங்கேயே நின்று ஆப்பில் ஏற்ற வேண்டும். படம் ஏறினால்தான் அடுத்த தவணை வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் திட்டத்தில் பூசாரியும் கொடுத்துவிடுவார், போனில் சிக்னல் கிடைக்க வேண்டும்.

சவுக்குமேடு, புதுப்பட்டினத்திலிருந்து நாலு கிலோமீட்டர். சின்னப் பள்ளிவாசல், அதைச் சுற்றி முப்பது வீடு, கடைசியில் சவுக்குத் தோப்பை ஒட்டி உம்மு சல்மாவின் குடிசை. அவர் விடியுமுன் எழுந்து இடியாப்பம் அவிப்பார். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, முதல் பஸ்ஸில் புதுப்பட்டினம் போய், அணுமின் நிலையத்து ஊழியர்கள் குடியிருக்கும் தெருக்களில் விற்றுவிட்டு, ஒன்பது மணிக்குக் காலிக் கூடையுடன் திரும்புவார். கணவர் அப்துல் அஹத் கேளம்பாக்கத்தில் பரோட்டா மாஸ்டர். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மட்டும் ஊருக்கு வருவார். ஒரே மகள் ஷாஹிதா. அவளைக் கட்டிக்கொடுத்ததும் கேளம்பாக்கத்தில்தான், ஒற்றை அறை வாடகை வீட்டில்.

முதல் படம் எடுக்கப் போனபோது அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குடிசை வாசலில் நின்றார். அஹத் பாய் பக்கத்தில், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்போல விறைப்பாக.

"இன்னா தம்பி, இந்த ஓட்டக் குடிசையப் போய் படம் புடிக்கிற? ஒழுவுறது தெரியுமா அதுல?" என்றார் உம்மு சல்மா.

"தெரியாது பாயம்மா."

"அப்ப உள்ள வந்து எடு. மழ வந்தா நான் மொதல்ல தூக்குறது இடியாப்ப மாவு டின்னுதான். ரெண்டாவதுதான் இந்த மனுசன்."

பாய் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புடன்தான் முதல் படம் இருக்கிறது. குடிசை சாய்ந்து நிற்கிறது, அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

உத்தரவு அந்த அம்மாவின் பெயரில் வந்தது. குடிசையைப் பிரித்து, தோப்போரம் தார்ப்பாயில் ஒரு கொட்டகை போட்டு அதில் குடியேறினார்கள். அதே இடத்தில் வீட்டு வேலை ஆரம்பமானது. பேஸ்மட்டப் படத்துக்கு நான் போன அன்று அஹத் பாய் கடைக்கு லீவு போட்டுவிட்டு, தானே கூடை கூடையாக மண் கொட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் எல்லப்பன் மேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"பாய், பரோட்டா வீசுற மாதிரி வீசாத. மண்ணு அது, சொல்ட்டேன்."

அன்றைக்கு மர நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இந்த வீட்டின்மேல் ஏன் இவ்வளவு வெறி என்று உம்மு சல்மாவைக் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். அப்பா இறந்தபோது கேளம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தார்களாம். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. இத்தா என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரர் மூன்றாம் நாளே வந்து காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தத் தாய் தன் இத்தாவை மூன்று பேர் வீட்டில், மூன்று மூலையில், மாறி மாறி இருந்து முடித்தாராம்.

"ஒவ்வொரு வூட்லயும் 'எப்ப முடியும்'னு கேப்பாங்க. மூஞ்சிக்கு நேரா கேக்க மாட்டாங்க, அடுப்பாண்ட நின்னு கேப்பாங்க. எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லிகினே இருந்துச்சு, எனக்குன்னு நாலு செவுரு இருந்திருந்தா என் புருசனுக்கு ஒழுங்கா அழுதிருப்பேன்னு."

டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது சும்மா சொன்னதல்ல. ஜல்லி வரும்போது சிமெண்ட் வராது, சிமெண்ட் வரும்போது எல்லப்பன் வரமாட்டார். இத்தனைக்கும் நடுவில் ஐப்பசியில் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது படம் அன்றைக்கு எடுத்ததுதான். வாசக்கால் வேப்பமரம். கேளம்பாக்கத்தில் பழைய மரக்கடையில் பாய் தேடிப் பிடித்து, ஷேர் ஆட்டோவின் மேலே கட்டிக் கொண்டுவந்தது. படத்தில் அவர் ஒரு கையால் அந்த வாசக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையை எடுங்கள் பாய் என்று சொன்னேன், எடுக்கவில்லை.

கார்த்திகை முதல் வாரத்தில் புயல் மழை. கொட்டகை பிய்த்துக்கொண்டு தோப்புக்குள் போய் விழுந்தது. கூரைக்கென்று வாங்கி வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகளை நனையவிடாமல் காப்பாற்ற, புயல் செய்தி கேட்டு ஊருக்கு வந்திருந்த பாய் விடிய விடிய மழையில் நின்றிருக்கிறார். மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குச் சளி பிடித்தது, காய்ச்சலானது, மூச்சு வாங்கியது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள். ஏழாம் நாள் அவர் உடலைத்தான் சவுக்குமேட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் போயிருந்தேன். சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கபர்ஸ்தான் பக்கம் நடந்தபோது, பின்னால் எல்லப்பனும் நானும் நடந்தோம். எல்லப்பன் வழி நெடுக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "சிமிட்டி மூட்டடா, சிமிட்டி மூட்ட."

இத்தா எங்கே இருப்பது? குடிசை இல்லை, கொட்டகை இல்லை, வீட்டுக்குக் கூரை இல்லை. ஷாஹிதா தன் அறைக்கு வந்துவிடும்படி தாயின் கையைப் பிடித்து அழுதாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் கிஃபாயத்துல்லா நல்ல மனிதர். "இந்த நெலமைல மக வூட்ல இருக்கலாம், ஒரு தப்பும் இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லும்மா" என்று ஷாஹிதாவிடமே சொல்லி அனுப்பினார். உம்மு சல்மா கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, இடியாப்ப மாவு டின், கோரைப்பாய், ஒரு ஸ்டவ், குர்ஆன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு லிண்டல் மட்டத்தில் நிற்கும் அந்த நாலு சுவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். மேலே சுவருக்குச் சுவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். கதவு இன்னும் வரவில்லை என்பதால் வாசக்காலில் ஒரு பழைய சேலை தொங்கியது.

அந்தச் சேலைக்குப் பின்னாலிருந்துதான் அதற்குப் பிறகு நான் அவர் குரலைக் கேட்டேன்.

பொங்கல் முடிந்து எல்லப்பனும் நானும் போனோம். கூரைக்கான வேலையை உடனே தொடங்க வேண்டும் என்று சொல்லத்தான். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கூரைப் படம் ஏறவில்லையென்றால் அந்த ஆண்டின் வேலையை மூடிவிடுவார்கள், மீதித் தவணை கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. நானும் எல்லப்பனும் திரைக்கு இந்தப் பக்கம் செங்கல்மேல் உட்கார்ந்தோம்.

"பாயம்மா, காங்கிரீட் போடணும்னா சென்ட்ரிங் அடிக்கணும்," என்றார் எல்லப்பன். "உள்ள பூரா முட்டுக் கம்பா நிக்கும். ஆளு குந்த எடம் இருக்காது. இருவது நாள் நீ வெளிய இருந்தே ஆவணும்."

"எங்க இருக்கறது எல்லப்பா?"

"மவ வூட்ல இரேன். ஹஜ்ரத்தே சொல்ட்டாரே."

"ஹஜ்ரத்துக்கு வூடு கீது. எங்கம்மாவுக்கு இல்ல." குரல் உடைந்தது. "இந்த செவுத்துக்கு அவரு தண்ணி ஊத்தினாரு எல்லப்பா. ஊருக்கு வர்ற வெள்ளிக்கெழமல்லாம் ரெண்டு வேள. அவருக்காக நான் வேற எவங்க வூட்லயும் போயி அழ முடியாது."

எல்லப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார். நான் தேதிக் கணக்கை எடுத்துச் சொன்னேன். இத்தா முடிவது சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள். கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும்.

"எத்தினி நாள் தள்ளும் தம்பி?"

"பதிமூணு நாள் தள்ளும். அதுக்கப்புறம் இருவது நாள் வேலை."

"அவ்ளோ நாளுக்காகவா வூட்டப் புடுங்கிக்குவாங்க? கவர்மெண்டுல இருக்கறவங்களுக்கும் பொஞ்சாதி புள்ள கீதில்ல. நீ சொல்லு, கேப்பாங்க."

"பேசிப் பார்க்கறேன் பாயம்மா," என்றேன்.

பேசவும் செய்தேன். எங்கள் ஓவர்சியர் கெட்டவர் அல்ல. "காரணத்தை எழுதி, அந்தம்மா கையெழுத்தோட ஒரு மனு வாங்கிட்டு வாடா. மேல அனுப்பிப் பார்க்கலாம்," என்றார். ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. வண்டியில் போய்வருகிற தூரத்தில் இருக்கிற ஊர். இதை நான் எப்படித் தள்ளிப்போட்டேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே என்னை அறைய வேண்டும்போல இருக்கிறது. எங்கள் ஒன்றியத்தில் அறுபத்திரண்டு வீடு பாக்கி. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரே போன். இதெல்லாம் நிஜம்தான். ஆனால் இதெல்லாம் சாக்கு என்பதும் எனக்குத் தெரியும்.

மாசி மாதம் நோன்பு தொடங்கியது. ஒருநாள் சாயங்காலம் அந்த வழியாக வந்தவன் வண்டியை நிறுத்தினேன். தார்ப்பாய்க்குக் கீழே வெந்துபோகிற வெயில் அடித்திருந்த நாள். பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை அவர் ஒரு டம்ளரில் ஊற்றித் திரைக்கு வெளியே நீட்டினார். கை மட்டும் தெரிந்தது. ரொம்ப மெலிந்திருந்தது.

"குடி தம்பி. ஆபீஸ்ல சொன்னியா?"

"சொல்லிட்டேன் பாயம்மா. ஒரு மனு மட்டும் வேணும். அடுத்த வாரம் பேப்பர் கொண்டாறேன்."

"கொண்டா. எனக்கு எழுதத் தெரியும், ஆறாவது படிச்சிருக்கேன்."

அன்றைக்கு என் பையில் காகிதம் இல்லை. பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய்க்குக் கிடைத்திருக்கும். கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

மார்ச் முப்பத்தொன்று இந்த வருஷம் பெருநாளாக அமைந்தது. ஊரெல்லாம் பிரியாணி வாசனை, எங்கள் அலுவலகத்தில் மட்டும் வருஷக் கடைசி என்று யாருக்கும் லீவு இல்லை. ஓவர்சியர் ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல நான் மூடிக்கொண்டே வந்தேன். கூரை ஏறாத வீட்டுக்கு ஆப் காரணம் கேட்கும். நாமாக எழுத இடம் கிடையாது. நாலு காரணம் அதுவே கொடுக்கும், அதில் ஒன்றை அமுக்க வேண்டும். பயனாளி இறந்துவிட்டார். பயனாளி வெளியூர் சென்றுவிட்டார். நிலத் தகராறு. பயனாளிக்கு விருப்பமில்லை.

உம்மு சல்மாவின் பெயர் வந்தபோது கை நின்றது.

"இன்னாடா முழிக்கிற?"

"சார், அந்த இத்தா கேசு."

"மனு எங்க?"

அவர் திட்டவில்லை. "அதுல இருக்கறதுல ஒண்ண அமுக்கு. மணி நாலாவுது," என்றார்.

அவர் இறக்கவில்லை. வெளியூர் போகவில்லை. நிலத்தில் தகராறு இல்லை. மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதை அமுக்கினேன்.

வருடப்பிறப்பு விடுமுறைக்கு மறுநாள் காலை பத்தரை மணிக்கு உம்மு சல்மா அலுவலகத்துக்கு வந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் வெளுத்த சேலை, புதுச் செருப்பு, பிளாஸ்டிக் கவரில் உத்தரவுக் காகிதங்கள், கையில் ஒரு டிபன் டப்பா. மேசைமேல் டப்பாவை வைத்தார்.

"இடியாப்பம், தேங்காப்பால். இன்னிக்குத்தான் மறுபடியும் அடுப்பு பத்தவெச்சேன், மொத ஈடு உனக்கு. எல்லப்பன் நாளைக்கி சென்ட்ரிங் அடிக்க வர்றான். சிமிட்டி மூட்ட எல்லாம் அப்டியே கீது, ஒண்ணுகூடக் கட்டியாவல. நீ படத்துக்கு வந்துடு தம்பி. இந்தவாட்டி நான் ஒண்டியாத்தான் நிக்கணும்."

நான் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினேன். கோழைத்தனம்தான். சொல்ல வேண்டியதை நான் சொல்லியிருக்க வேண்டும், அவரைப் படிக்கவிட்டேன். அவர் விரலால் தொட்டுத் தொட்டு மெதுவாகப் படித்தார். தன் பெயர், தன் ஊர், அப்புறம் அந்தக் கடைசி வரி.

"யாருக்கு விருப்பமில்ல தம்பி?"

"பாயம்மா..."

"யாரு சொன்னா இத?"

"நான்தான் போட்டேன். வேற காரணம் அதுல இல்ல. மனு வாங்க வர்றேன்னு சொல்லிட்டு நான் வரல. என் தப்புதான்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமே. சேலைக்கு அந்தாண்டதான குந்திகினு இருந்தேன். கூப்ட்டா கேக்கற தூரந்தான."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தார்கள். இப்போதே மனு எழுதி மேலிடத்துக்கு அனுப்புகிறேன், நானே செங்கல்பட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று தாளை எடுத்தேன். அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.

"நீ எழுதாத. நானே எழுதுறேன்."

மேசை ஓரத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுதினார். பாய் இறந்ததையோ, மழையையோ, இத்தாவையோ அவர் எழுதவில்லை. பெரிய பெரிய எழுத்தில் ஒரே வரி. "எனக்கு விருப்பம் இருக்கிறது." கீழே கையெழுத்து. இன்னும் விவரமாக எழுதலாமே என்றேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்றார். நான் வேறு தாளில் விவரம் எழுதி அதனுடன் சேர்த்துக் கொடுத்தேன். டிபன் டப்பாவை அவர் எடுத்துப்போகவில்லை. ஆறிப்போவதற்குள் தின்னச் சொல்லிவிட்டுப் போனார். தின்றேன்.

மனு போய் ஆறு மாதம் ஆகிறது. பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலைத் தவிர வேறு பதில் வரவில்லை. எல்லப்பன் கூலி வேண்டாம் என்கிறார், ஆனால் கம்பிக்கும் ஜல்லிக்கும் எங்கே போவது? உம்மு சல்மா அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறார். விடியுமுன் இடியாப்பம், முதல் பஸ், புதுப்பட்டினம். திரும்பி வந்ததும் சுவர் நனையாமல் தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டுகிறார். சிமெண்ட் மூட்டைகள் ஆனி மாதத்து மழையில் கல்லாகிவிட்டன. அவற்றை வாசலில் படியாகப் போட்டிருக்கிறார்.

போன வாரம் மழைக்கு முன்னால் ஒரு புதுத் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போனேன். என்னால் முடிந்தது அதுதான். வாங்கிக்கொண்டார். கோபம் எதையும் காட்டவில்லை, டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது அந்தக் கல்லான மூட்டைமேல் நின்று, வாசக்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என் எழுத்து அவுங்களுக்குப் புரியலியோ இன்னாவோ. வேணும்னா இன்னொரு தபா நல்லா எழுதித் தரட்டா தம்பி?"